வேர் தண்ணீரில், இலை வெளியில்

கொழும்பு மட்டக்குளியில் மீன் தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும். ஹோலில் போத்தலுக்குள் நிற்கிற மணி பிளான்டை, யாரோ பிறந்தநாளுக்குத் தந்த லக்கி பேம்பூவை, மீன் தொட்டிக்குள் வைத்தால் என்ன? அழகாகத்தான் இருக்கும். மீனுக்கு ஏதும் ஆகுமா, செடிக்கு ஏதும் ஆகுமா? தாராளமாக வைக்கலாம். ஆனால் வேர் தண்ணீருக்குள் இருக்கவேண்டும், இலை தண்ணீருக்கு வெளியில் நிற்கவேண்டும். அதை மீறினால் முதலில் சாவது செடி. கவனிக்காமல் விட்டால் அதன் பின்னாலேயே மீனும் போகும்.

சிக்கல் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. வளர்ப்புமீன் கடைக்குப் போனால் தொட்டிக்குள் முழுக்க மூழ்கி நிற்கிற செடிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கரை போட்ட நீளப் பச்சை இலையோடு நிற்பது டிரசீனா. லக்கி பேம்பூவும் அதே இனம்தான். மூங்கிலுக்கும் அதற்கும் சொந்தமே இல்லை, ஆபிரிக்கக் காட்டுத் தரையில் மரநிழலில் வளர்கிற செடி அது. மேல்பக்கம் உலோக மினுக்கமும் கீழ்ப்பக்கம் ஊதா நிறமுமாக இருப்பது ஹெமிகிராபிஸ், பூச்சாடிச் செடி. குட்டைப் புல்லாக வரிசையில் குத்தி வைத்திருப்பது மொண்டோ புல், யப்பானில் தோட்டத்து நடைபாதைக்கு ஓரம் கட்டுவது. கூடவே சிங்கோனியம், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட். எல்லாமே தரைச் செடிகள். “தண்ணிச் செடிதான் அக்கா, ஒண்டும் ஆகாது” என்று கடைத் தம்பி சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்கு முன்னால் அது பச்சையாகத்தான் நிற்கிறது. வந்த செடி ஒரு வாரத்தில் விற்றுப்போகிறது. ஒரு மாதம் கழித்து உங்கள் வீட்டுத் தொட்டியில் நடப்பதை அவர் பார்க்கப்போவதில்லை.

தரைச் செடியின் இலை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்துப் பழகியது. உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்துவிடாமல் மேலே ஒரு மெழுகுப் படை, வாயு போய்வர இலைவாய்கள் என்று அதன் அமைப்பே அதற்காகத்தான். அதைத் தண்ணீருக்குள் அமுக்குவது மழைக்கோட்டை மாட்டிவிட்டு ஆளை நீந்தச் சொல்வதற்குச் சமம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர்ச் செடிகள் அதற்கு ஈடுகொடுக்க இலையை மெல்லியதாக்கி, மெழுகைக் குறைத்து, இலையின் முழு மேற்பரப்பாலும் உறிஞ்சிக்கொள்கின்றன. தரைச் செடியால் அது முடியாது. ஒளித்தொகுப்பு நின்றுபோக, தண்டிலும் கிழங்கிலும் சேர்த்து வைத்த மாப்பொருளைத் தின்றுகொண்டு நாளைக் கடத்துகிறது. மெல்லிய தண்டென்றால் சில வாரம், டிரசீனா மாதிரித் தடித்த தண்டென்றால் சில மாதம். அதுவரை பச்சையாகவே இருப்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

பிறகு கீழ் இலையின் ஓரம் நிறமிழந்து உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி ஆகும். தொட்டால் வழுவழுக்கும். தண்டின் அடியை நுள்ளிப் பார்த்தால் தோல் தனியே கழன்று வரும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கான் நாற்றம் அடிக்கும். மீனுக்குக் கேடு வருவது இந்தக் கட்டத்தில்தான். அழுகலைத் தின்கிற பற்றீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு அமோனியாவை விடுகின்றன. குளிர்நாட்டில் 20 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் வரை பிடித்து வைக்கும். கொழும்பில் வெளியில் வைத்த வாளித் தண்ணீரே 28 பாகை. அதில் 8 மில்லிகிராம்கூடத் தங்காது. சூடு கூடினால் அமோனியாவின் நஞ்சும் கூடும். வெளிநாட்டுப் புத்தகத்தில் தாக்குப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிற அளவு அழுகலை நம் ஊர்த் தொட்டி தாங்காது. காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பம்ப் பழுதா என்று பார்க்கிற அதே நேரம் செடியின் அடியையும் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். செடியைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். விறைத்து நேராக நின்று, இலைமேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தால் பெரும்பாலும் தரைச் செடி. ஈரத்துணியாகத் தொங்கி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீர்ச் செடி. அனுபியாஸ், ஜாவா பேர்ன் போன்ற சில மட்டும் இதற்கு விலக்கு. இலை தடிப்பாக இருந்தாலும் அவை மூழ்கி வாழும்.

இனி வேலைக்கு வருவோம். நான் மணி பிளான்டை வைத்துத்தான் விளக்கப்போகிறேன். மீன் தொட்டிக்கு அதைப்போல் ஒத்துப்போகிற வீட்டுச் செடி வேறில்லை என்பது என் முடிவு. மற்றச் செடிகளுக்கும் முறை இதுதான், சில்லறை மாற்றங்களோடு.

முதலில் தொட்டியைத் தயார் செய்யவேண்டும். வீடுகளில் பொதுவாக இருக்கிற 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி முழுக்க நிரப்பினால் 56 லீற்றர் கொள்ளும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கீழே கல் போட்டால் உண்மையான தண்ணீர் 45 லீற்றருக்குக் கிட்டத்தான். அந்த மேல் இரண்டு அங்குலம் முக்கியம். தண்ணீர் விளிம்புவரை நின்றால் இலைக்காம்பும் கணுவும் நனைந்துகொண்டே இருக்கும். கண்ணாடி மூடி இருந்தால் பின்பக்கம் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டு நகர்த்தி வையுங்கள், கொடி அதன் வழியாக வெளியே வரட்டும். மூடியை முழுக்க எடுத்துவிட்டால் கப்பி மீன்கூடத் துள்ளி வெளியில் விழும். தொட்டி ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். வெயில் பட்டால் செடி வளர்வதற்கு முன் பாசி வளர்ந்துவிடும்.

தொட்டி புதியதென்றால் அவசரம் காட்டாதீர்கள். கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து வருவது. ஒருநாள் முழுக்க வாளியில் திறந்து வைக்கவேண்டும், அல்லது கடையில் விற்கிற அன்ட்டி குளோரின் துளிகளைப் போத்தலில் எழுதிய கணக்குக்குப் போடவேண்டும். மீன் செவுளால் விடுகிற அமோனியாவை ஒரு பற்றீரியாக் கூட்டம் நைத்திரைற்றாக்கி, இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாக்குகிறது. இந்தச் சங்கிலி கல்லிலும் பில்டர் பஞ்சிலும் வேரூன்ற நாலிலிருந்து ஆறு கிழமை எடுக்கும். மணி பிளான்ட் வைத்துவிட்டேன், இனிக் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள்தான் முதல் மாதத்தில் மீனை அள்ளிக் கொட்டுகிறவர்கள்.

அடுத்தது கொடியை வெட்டுவது. மணி பிளான்டைக் களவாக எடுத்து நட்டால்தான் செழிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்து வீட்டு அன்ரியிடம் கேட்டு வாங்கினாலும் அதே மாதிரித்தான் வளரும், நான் உத்தரவாதம். பார்க்கவேண்டியது கணுவை. இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் காற்று வேர். தண்ணீரில் வேர் விடப்போவது அதிலிருந்துதான். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் வெட்டி வைத்தால் பல நாள் பச்சையாக நிற்கும், புதுக்கொடி வராது. நாலைந்து இலையுள்ள துண்டாக, கடைசிக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே, கழுவிய பிளேடால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கின இடம் அழுகும். தண்ணீருக்குள் போகப்போகிற கணுவிலுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

வெட்டின உடனே வெட்டுவாயில் ஈரம் கசியும். மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். கருணைக்கிழங்கு வெட்டினால் கை கடிக்கிறதே, அதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் பளிங்குகள் இவற்றுக்குள்ளும் உண்டு. மணி பிளான்ட் மீனுக்கு நஞ்சு என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். அந்தப் பளிங்கு தண்ணீரில் கரைவதில்லை, உயிருள்ள கலத்துக்குள்ளேயே இருக்கிறது. கடித்து மென்றால்தான் வாயைக் குத்தும். கப்பி, மோலி, டெட்ரா, ஏஞ்சல் எதுவும் வேரைக் கடித்து மெல்லுவதில்லை. கோல்ட் பிஷ் நுனி வேரை மேயும், அதனால் பெரிதாக ஒன்றும் வராது. வேர்தான் மொட்டையாகிப்போகும். ஒஸ்கார் மாதிரி எதையும் பிய்த்து எறிகிற பெரிய மீன் இருக்கிற தொட்டியில் மட்டும் வேண்டாம். வெட்டின துண்டை ஒருமணி நேரம் வெளியில் வைத்து, கசிவு நின்றபின் குழாயில் கழுவினால் போதும். சின்னப் பிள்ளையும் பூனையும் உள்ள வீட்டில் கவனிக்கவேண்டியது தொட்டிக்கு வெளியே தொங்குகிற இலையைத்தான், உள்ளே இருக்கிற வேரை அல்ல.

துண்டை நேராகத் தொட்டிக்குள் போடாமல் முதலில் ஒரு போத்தலில் வேர் விடச் செய்யுங்கள். ஜாம் போத்தல் போதும். இரண்டு மூன்று கிழமையில் வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் வரும். இங்கே மீனைவிட மனிதருக்கான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. போத்தல் தண்ணீர் டெங்கு நுளம்புக்கு மெத்தப் பிடித்த இடம். 2017இல் இலங்கையில் டெங்கு என்று பதிவானவர்கள் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல், கொழும்பு மாவட்டம் பெரிய பங்கைக் கொடுத்தது. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள்தான் ஆகும். ஆகவே கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீரை மண்ணில் ஊற்றி, போத்தலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து குடம்பியைக் கண்டால் வழக்குத்தான், அது மணி பிளான்ட் போத்தல் என்றாலும். இந்த வகையில் மீன் தொட்டி போத்தலைவிட நல்ல இடம். கப்பி மீன் இருக்கிற தண்ணீரில் குடம்பி தப்பாது.

மண்ணில் வளர்ந்த செடியை வாங்கி வேரைக் கழுவி வைக்கலாமா என்று கேட்பார்கள். முடிந்தவரை வேண்டாம். மண்ணில் வளர்ந்த வேர் தண்ணீருக்குள் பெரும்பாலும் அழுகி, அதன் பிறகுதான் புதிய தண்ணீர் வேர் வரும். அந்த அழுகல் தொட்டிக்குள் நடக்கக் கூடாது. அதைவிடப் பெரிய பயம் நாற்றுமேடைக்காரர் போட்டது. மண்ணில் மெதுவாகக் கரைகிற உரக் குருணை, பூச்சிநாசினி, பூஞ்சைக்கு அடிக்கிற செப்பு மருந்து. செப்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். பீஸ் லில்லி போல வேரோடுதான் எடுக்கவேண்டிய செடி என்றால் மண்ணை ஒரு மணிகூட ஒட்டாமல் கழுவி, பழைய வேரில் பாதியை வெட்டி, தனி வாளியில் ஒரு மாதம் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றி, புது வேர் வெள்ளையாக வந்தபின் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். இலைக்குப் பளபளப்பு அடித்து விற்கிற செடியை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

இப்போது பொருத்துவது. கொடியைச் சும்மா தண்ணீரில் போட்டால் முழுத்துண்டும் சரிந்து விழுந்து மூழ்கும். தொட்டிக் கரையில் மாட்டுகிற பெட்டிகள் கடையில் விற்கின்றன. எனக்குப் பிடித்தது யோகட் கப். கழுவிய கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடாக்கிய ஆணியால் பெரிய துளைகள் போட்டு, மேல் விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளையிட்டு, தங்கூசியால் தொட்டிக் கரையில் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பி வேண்டாம், செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். கப்பின் அடி தண்ணீரில் ஓர் அங்குலம் தோய்ந்தால் போதும். வேரைத் துளைகளின் வழியாகக் கீழே இறக்கிவிட்டு, கொடி சாயாமல் இருக்கக் கழுவிய கூழாங்கல்லை நிரப்புங்கள். கல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும்வரை நிரப்பவேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கப்புக்குள் திறந்த தண்ணீர் நின்றால் நுளம்பு அங்கே முட்டையிடும், மீன் அதற்குள் போகமுடியாது. பி.எச்.ஐ.க்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

முதல் பத்து நாளில் ஓர் இலை மஞ்சளாகும், பயப்பட ஒன்றுமில்லை. கிள்ளி வெளியே போடுங்கள், தண்ணீரில் விழ விடாதீர்கள். பிறகு வேர் வேகமெடுக்கும். மீன் போட்ட கழிவுதான் அதற்கு உரம். வெளியில் நிற்கிற இலைக்குக் காற்றிலிருந்து வேண்டிய காபனீரொட்சைட்டு கிடைப்பதால், மூழ்கி நிற்கிற பல செடிகளைவிடவும் கூடுதலாக இது நைத்திரேற்றை இழுக்கும். கண்ணாடியில் பாசி குறைவதை இரண்டு மாதத்துக்குள் பார்க்கலாம். அதற்காகத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது. செடி எடுப்பது சில சத்துகளை மட்டும். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு மேல் ஊற்றிக்கொண்டே போனால் உப்புகள் சேர்ந்துகொண்டே இருக்கும். கிழமைக்குக் கால்வாசித் தண்ணீரை மாற்றுகிற வழக்கம் தொடரட்டும். பரிசோதனைக் குச்சி வைத்திருப்பவர்கள் நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தொட்டிக்குச் செடி உரம் எதுவும் ஊற்றவேண்டாம்.

மூன்று நாலு மாதத்தில் வேர் தாடியாக இறங்கி பில்டர் வாயைத் தேடும். உறிஞ்சுகிற குழாயில் பஞ்சு ஒன்றை மாட்டிவிடுங்கள். வேரை மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டலாம், ஒரேயடியாக மொட்டை அடித்தால் மிச்ச வேர் அழுகும். பைட்டர் மீன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். வேரும் கப்பும் மேற்பரப்பை முழுக்க மூடிவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். கண்ணாடிச் சாடிக்குள் பைட்டர், மேலே பீஸ் லில்லி, மீன் வேரைத் தின்று வாழும் என்று ஒருகாலத்தில் அமெரிக்காவில் விற்றார்கள், இங்கேயும் அன்பளிப்புக் கடைகளில் வந்தது. பைட்டர் பூச்சி தின்னி. வேரை வைத்து அது பிழைக்காது.

லக்கி பேம்பூவுக்கு வேறு கணக்கு. தண்டின் கீழ் மூன்றிலொரு பங்குக்கு மேல் மூழ்கக் கூடாது. சிவப்பு ரிப்பனையும் தங்க நிறக் கம்பியையும் கழற்றிவிட்டுத்தான் வைக்கவேண்டும். தண்டு அடியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கினால் திரும்பப் பச்சையாகாது, அந்தத் தண்டை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தண்டும் சேர்ந்து போகும். பீஸ் லில்லிக்கு இலைகள் கூடுகிற கழுத்து தண்ணீருக்கு மேலே நிற்கவேண்டும். சிங்கோனியம் மணி பிளான்ட் மாதிரியேதான். மொண்டோ புல்லும் ஹெமிகிராபிஸும் மூழ்கடிக்க வேண்டியவை அல்ல, திரும்பப் பூச்சாடிக்கு அனுப்புங்கள்.

எந்தச் செடியை எந்த வகையிலும் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுவரக் கூடாது? பால் வடிகிறதெல்லாம் சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொள்ளலாம். அலரி, மஞ்சள் அலரி, பல்கனியில் பூக்கிற அடீனியம் மூன்றிலும் இருப்பது இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. கள்ளி வகையும் குரோட்டனும் அதே தள்ளிவைக்கிற பட்டியலில். பெரிய புள்ளி இலையோடு நிற்கிற டிபன்பாக்கியாவும் சேம்புக் குடும்பம்தான், ஆனால் மணி பிளான்டைவிடக் கடுமையானது, அதை விட்டுவிடுவது நல்லது. செடிச்சாறு மீனை என்ன செய்யும் என்பது நம்முடைய ஆட்களுக்குப் புதிதல்ல. மருக்காரைக் காயை இடித்துக் குளத்தில் கரைத்தும், தில்லை மரத்துப் பாலைக் கலந்தும் மீனை மயக்கிப் பிடித்த பழக்கம் இருந்தது. செவுளில் படுகிற நஞ்சு வயிற்றில் படுகிறதைவிட வேகமாக வேலை செய்யும்.

மூழ்கின செடிதான் வேண்டும், தொட்டிக்குள் பச்சை தெரியவேண்டும் என்பவர்களுக்கு ஆபிரிக்கத் தரைச் செடி எதற்கு? உலகமெங்கும் மீன் தொட்டிக்காரர்கள் தேடி வாங்குகிற கிரிப்டோகொரின் வகைகளில் பல இலங்கைக்கே உரியவை. வென்ட்டி, பெக்கெட்டி, வோக்கெரி, பார்வா எல்லாம் நம் நாட்டு ஓடைகளிலும் ஆற்றோரங்களிலும் வளர்ந்தவை. த்வெய்ட்சி என்ற இனம் 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவை நடத்திய ஜோர்ஜ் த்வெய்ட்ஸின் பெயரைத் தாங்கியது. இவை மழைக்காலத்தில் மூழ்கியும் வரட்சியில் வெளியே நின்றும் பழகியவை. குறைந்த வெளிச்சமும் நம் சூடும் இவற்றுக்குப் போதும். தொட்டிக்குப் புதிதாக வந்த கிழமையில் இலையெல்லாம் கரைந்து கூழாகிப்போகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். கரைந்த இலையை மட்டும் அள்ளிவிட்டு கிழங்கை மண்ணிலேயே விடுங்கள், சில கிழமையில் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். கூடவே பி.இ.பி. தெரணியகல 1929இல் பெயரிட்ட, இலங்கைக்கே உரிய செரி பார்ப் மீனை விட்டால் அது தன் சொந்த ஓடைச் செடிக்குள் ஒளிந்து விளையாடும். பண்ணையில் வளர்த்ததை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஆற்றிலிருந்து பிடுங்கினது வேண்டாம், இந்த இனங்களில் பல காட்டில் அருகிக்கொண்டு வருகின்றன.

கடைசி வேலை, எல்லோரும் யோசிக்காமல் செய்வது. வெட்டின கொடியும் மிஞ்சின செடியும் கானுக்குள் போகிறது, கானிலிருந்து மட்டக்குளியைத் தாண்டிக் களனி கங்கையின் வாய்க்குப் போகிறது. ஆகாயத்தாமரை 1905வாக்கில் அழகுக்காக இலங்கைக்கு வந்த செடி. அதைத் தடுக்க 1909இலேயே தனிச் சட்டம் போட்டும் ஒழிக்கமுடியவில்லை. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது, அதுவும் குளங்களில் பரவிவிட்டது. மணி பிளான்டும் இங்கே காட்டுக்குள் பரவிக்கொண்டிருக்கிற வெளிநாட்டுக் கொடிதான். ஒரு கணு கரையில் ஒதுங்கினாலே முளைத்துவிடும். ஆகவே வெட்டின துண்டுகளை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பிறகு குப்பைப் பையில் கட்டிக் கொடுங்கள். தொட்டித் தண்ணீரைப் பூச்சாடிக்கு ஊற்றுங்கள். கானுக்கு எதுவும் போகவேண்டாம்.